என்னிடம் மட்டும் சொல்லாத ஆபரேஷன்

எங்கள் தறிக்குடோனில் ஒரு தறி நின்றுபோனால் பழுது பார்க்கும் பிட்டர் வருவார். எதைக் கழற்றப் போகிறார், எதை மாற்றப் போகிறார், மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று என் வீட்டுக்காரரிடம் அரைமணி நேரம் நின்று சொல்லுவார். இவரும் விடமாட்டார். "அதைக் கழட்டாமச் செய்ய முடியாதுங்களா?" என்று நாலு தரம் கேட்பார். திருப்தியான பிறகுதான் ஸ்பேனரைத் தொடவிடுவார். இரும்புக்கு இவ்வளவு மரியாதை. அதே மனிதர் என் வயிற்றுக்குள் இருப்பதை எடுத்துவிட ஐந்தே நிமிஷத்தில் தலையாட்டிவிட்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். ஆறு மாதமாகவே மாதவிலக்கு கணக்கு வழக்கில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பத்து நாள் நிற்கும், பன்னிரண்டு நாள் போகும். அடர்ந்த நிறச் சேலையாகப் பார்த்துக் கட்டுவேன். வகுப்பில் நாற்காலியை விட்டு எழும்போது திரும்பி ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். மூன்று பீரியட் தொடர்ந்து நின்றால் கண் இருட்டும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொம்பளைக்கு இந்த வயதில் இப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஆறு மாதமும் யாரும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக அவசரப்படவில்லை.

அவசரம் வந்தது என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது.

தம்பிக்கு முப்பத்தேழு வயது. பெண் கிடைக்காமல் பத்து வருஷம் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். பெருந்துறைப் பக்கம் ஓர் இடத்தில் ஒருவழியாக அமைந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் புதுச்சேலை உடுத்தி, மணவறையில் அவன் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய சீர். அவனுக்கு நான் ஒருத்திதான் அக்கா. மாதவிலக்கில் தூரமாக இருப்பவள் அந்தச் சீர் செய்யக் கூடாது என்பது வழக்கம். எனக்கோ எந்த நாள் வரும், எந்த நாள் போகும் என்று எனக்கே தெரியாது. அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

"கண்ணு, முகூர்த்தத்தன்னிக்கு நீ தூரமாயிட்டீன்னா என்ன பண்றது? பங்காளி புள்ளைய நிறுத்தச் சொல்லுவாங்க. உன்ற தம்பிக்கு நீதான நிக்கோணும்?"

எனக்கும் நிற்க வேண்டும் என்றுதான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அதனால்தான், "ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று அம்மாவும் வீட்டுக்காரரும் சொன்னவுடன் பேசாமல் கிளம்பினேன். ஆறு மாதமாக ரத்தம் போனது ஒரு பொருட்டில்லை, மணவறைத் தீட்டுதான் பொருட்டு என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கு உறைக்கிறது.

அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். ஸ்கேன் எடுத்தார்கள். லேடி டாக்டர்தான். எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "எத்தனை குழந்தைங்க?" என்றார். இரண்டு என்றேன். "கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சிருக்கு, ஒரு சின்னச் சதை வளர்ச்சியும் தெரியுது. கேமரா வெச்சுப் பாத்து டெஸ்ட்டுக்கு அனுப்பலாம்" என்றார். நான் வாய் திறப்பதற்குள், "நீங்க அந்த ரூம்ல போய் பி.பி. பாத்துட்டு வாங்கம்மா" என்று நர்ஸோடு அனுப்பிவிட்டார். வீட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி வந்தபோது பேச்சு முடிந்துவிட்டது. அவர் எழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

காரில் வரும்போது கேட்டேன். "ஏனுங்க, என்ன சொன்னாங்க?"

"ஒன்னுமில்லீம்மணி. கேமரா வெச்சுப் பாக்கறாங்களாமா. அடுத்த புதன்கிழமை. நீ ஒன்னும் மனசைப் போட்டுக் கொழப்பிக்காத."

கையில் ஒரு வழுவழுத் தாள் கொடுத்திருந்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். மேலே ஒரு வெள்ளைக்காரப் பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் ஆஸ்பத்திரியில் கிடைக்கும் மற்ற வைத்தியங்களின் பட்டியல். எனக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்பது பற்றி அதில் இரண்டு வரி. மீதி எல்லாம் விளம்பரம்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி யாராவது ஆம்பளைகளுக்குச் சொல்ல முடியுமா? மயக்க மருந்து கொடுப்பார்களா, முழித்திருப்பேனா? அந்த அறையில் ஆண்கள் இருப்பார்களா? அன்றைக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தால் செய்வார்களா, திருப்பி அனுப்புவார்களா? வலித்தால் கத்தலாமா? சதை வளர்ச்சி என்றால் புற்றுநோயா? இத்தனை கேள்வி. கேட்க ஓர் ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "டாக்டர் வந்து எல்லாம் சொல்லுவாங்க மேடம், டென்ஷன் ஆகாதீங்க" என்று வைத்துவிட்டார்கள். பாத்ரூமில் உட்கார்ந்து செல்போனில் தேடினேன். தேடத் தேடச் செத்துப்போவேன் என்றே வந்தது. எட்டாம் வகுப்புக்குக் கர்ப்பப்பை படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லித் தருகிறவள் நான். அந்தப் பாடத்தையும் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று விறுவிறுவென்று ஓட்டிவிடுவேன். அந்தப் படத்தில் என்னுடையது எங்கே தடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கக்கேடு.

புதன்கிழமை விடியற்காலையில் வரச் சொன்னார்கள். முந்தின நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் கிடையாது. பச்சைக் கவுன் மாட்டிவிட்டார்கள். நகையைக் கழற்றச் சொன்னாள் நர்ஸ். தாலிக்கொடியையும்.

அங்கே ஆரம்பித்தது பாருங்கள் ஒரு பஞ்சாயத்து. அம்மா, "தாலிக்கொடியெல்லாம் கழட்டப்படாதுங்க" என்றாள். நர்ஸ், "உள்ளே உலோகம் எதுவும் கூடாதுங்கம்மா" என்றாள். வீட்டுக்காரர் யார் யாருக்கோ போன் போட்டுக் கேட்டார். மஞ்சள் கயிறு கட்டலாமா, யார் கட்ட வேண்டும், இன்றைக்கு என்ன கிழமை, நேரம் நல்லா இருக்கிறதா. அம்மா கீழே போய் மஞ்சளும் நூலும் வாங்கி வந்தாள். வீட்டுக்காரர் கிழக்கே பார்த்து நின்று கட்டினார். முழுசாக முக்கால்மணி நேரம். என் கழுத்தில் இருப்பதை எடுக்க இத்தனை யோசனை, இத்தனை பேர் அபிப்பிராயம். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்திருந்தால் அந்தக் கயிற்றை அறுத்து எறிந்திருப்பேன்.

பிறகு எனிமா கொடுத்தார்கள். வயிறு முழுக்க மழித்து, மஞ்சள் மருந்து தடவித் துடைத்தார்கள். எனக்கு உறுத்தியது.

"ஏங் கண்ணு, கேமராவைக் கீழே வழியாத்தான வைப்பாங்க? வயித்தையெல்லாம் எதுக்குத் துடைக்கறீங்க?"

"எல்லாருக்கும் செய்யறதுதாங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். கூடவே ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. அவளுக்கு அடுத்த கட்டிலுக்குப் போகிற அவசரம். "சார் எல்லாம் கேட்டுட்டாருங்க, நீங்க சைன் மட்டும் பண்ணுங்க" என்றாள்.

போட்டேன். ஆறு இடத்தில் போட்டேன். இதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. நான் கைநாட்டு இல்லை. பி.எஸ்ஸி., பி.எட். பிள்ளைகளிடம் கேள்வியை இரண்டு முறை வாசித்துவிட்டுப் பதில் எழுது என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவள். ஒரு சின்னப் பெண் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறாளே, அவளைக் காக்க வைத்தால் மரியாதையாக இருக்காதே என்று ஒரு வரி வாசிக்காமல் போட்டேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. எதிரே நிற்பவர் முகம் சுளிக்கக் கூடாது. அதற்காக நம் கழுத்தையே நீட்டுவோம்.

கட்டிலைத் தியேட்டர் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். மயக்க டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண், என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். குனிந்து என் பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார், கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று கேட்டார். அப்புறம், "இன்னைக்கு உங்களுக்கு என்ன பண்ணப் போறாங்கன்னு சொல்லுங்கம்மா" என்றார். அந்த ஒரு வாரத்தில் என்னிடம் யாராவது கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான்.

"கேமரா டெஸ்ட்டுங்க."

அவர் பேனா நின்றது. ஃபைலைப் புரட்டினார். என்னைப் பார்த்தார். மறுபடி ஃபைலைப் பார்த்தார்.

"வேற எதுவும் சொல்லலையா உங்ககிட்ட?"

"இல்லீங்க. என்னங்க?"

"கர்ப்பப்பையையும் ரெண்டு சினைப்பையையும் எடுக்கறதா போட்டிருக்கும்மா. உங்க கையெழுத்துதானே இது?"

என் கையெழுத்துதான். அழகான கையெழுத்து. ரிப்போர்ட் கார்டில் போடுகிற அதே கையெழுத்து.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கோயிலில் கிடாய் வெட்டும்போதுகூட மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பும்வரை காத்து நிற்பார்கள். சிலுப்பினால்தான் சம்மதம். சிலுப்பாவிட்டால் மறுபடி தெளிப்பார்கள், கத்தியைத் தொடமாட்டார்கள். ஆட்டுக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்லை.

கட்டிலை விட்டு இறங்கினேன். மயக்க டாக்டர், "மெதுவாம்மா, மெதுவா" என்று கையைப் பிடித்தார். "நான் வேண்டாம்னு சொல்லலீங்க. எனக்குச் சொல்லாம வேண்டாங்க" என்றேன். அவர் தடுக்கவில்லை. "நான் மேடத்தைக் கூப்பிடறேன், நீங்க உங்க வீட்ல பேசுங்க" என்று போனை எடுத்தார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

வாசலில் அம்மாவும் வீட்டுக்காரரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் முடிச்சுப் போட்ட கவுனோடு நான் வந்து நின்றதும் இரண்டு பேரும் பதறி எழுந்தார்கள்.

"ஏனுங்க, எனக்கு என்ன ஆபரேஷனுங்க?" என்றேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா டம்ளரைப் பார்த்தாள். அதிலேயே எல்லாம் தெரிந்துபோயிற்று.

"டாக்டருதான் ரெண்டு வழி இருக்குதுன்னாங்க. டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம், இல்லாட்டி எடுத்துடலாம்னாங்க. மறுக்கா மறுக்கா எதுக்கு வந்துட்டு, ஒரேயடியா முடிச்சுபோடுங்கன்னு நாந்தான் சொன்னேன். துளை போட்டு எடுக்கறதுதான், பத்து நாள்ல எந்திரிச்சு நடக்கலாமாமா. கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்குது. சொன்னா நீ பயந்துக்குவேன்னுதான் சொல்லல."

"பயமா? ஒரு வாரமா நான் தூங்கலீங்க. செத்துப்போயிருவேன்னு நெனச்சு புள்ளைங்களுக்கு எந்தப் பீரோல என்ன இருக்குதுன்னு எழுதி வெச்சிருக்கறனுங்க. அதைவிடப் பெரிய எந்தப் பயத்துல இருந்து காப்பாத்தினீங்க?"

அம்மா என் கையைப் பிடித்தாள். "ரெண்டு புள்ளைய பெத்தாச்சு. இனி அது இருந்து என்ன பண்ணப் போகுது சாமி? இருந்தாத் தொந்தரவுதான. எனக்கும் எடுத்துப்போட்டாங்க, நான் நல்லா இல்லையா?"

"உன்னையக் கேட்டாங்களாம்மா?"

அம்மா என் கையை விட்டாள். "அப்பெல்லாம் யாரு கேட்டா" என்றாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே இறங்கியது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

என் குரல் உயர்ந்தது எனக்கே தெரிந்தது. வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை ஆத்திரத்திலும் அவருக்கு ஒரு "ங்க" குறைக்காமல்தான் பேசினேன். "கல்யாணத்துக்கு நான் சுத்தமா இருக்கோணும்னு என்ற உடம்பை அறுக்கச் சொன்னீங்களாங்க? நாளைக்கு இதே வீட்ல கோயில் நோம்பி வந்தா என்னத்தை அறுப்பீங்க?" அவர் தலை குனிந்துகொண்டார். நல்ல மனிதர்தான். கெட்டவர் என்றால் எனக்குச் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும்.

ஸ்கேன் பார்த்த அந்தப் பெரிய டாக்டர் தியேட்டர் தொப்பியோடு வந்தார். முகத்தில் எரிச்சல். "ஆபரேஷன் லிஸ்ட் லேட்டாகுதும்மா. உங்க ஹஸ்பண்ட்கிட்ட எல்லாமே எக்ஸ்பிளெயின் பண்ணிட்டேனே" என்றார்.

"அவருக்கு ஆபரேஷன் இல்லீங்களே மேடம்" என்றேன்.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தையே திருப்பிப்போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தில் படம் வரைந்தார். எட்டாம் வகுப்புப் படம்தான். ஆனால் இது என்னுடையது. இங்கே தடித்திருக்கிறது, இங்கே ஒரு மிளகளவு சதை. இதைக் கீழ்வழியாகக் கேமரா விட்டு எடுத்துவிடலாம், வெட்டும் காயமும் கிடையாது, சின்ன மயக்கம், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்புவோம். பெரும்பாலும் பயப்படும்படி இருக்காது, ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது. ரிசல்ட் வந்த பிறகு மாத்திரையா, வேறு வழியா, எடுப்பதா என்று பேசலாம். சினைப்பை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதை எடுத்தால் திடீரென்று உடம்பு கொதிக்கும், தூக்கம் கெடும், எலும்பு தேயும். துளை போட்டு எடுத்தாலும் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது.

"பத்து நாள்ன்னீங்களே?" என்று வீட்டுக்காரர் இழுத்தார்.

"எந்திரிச்சு நடக்கத்தான் சார் பத்து நாள். மண்டபத்துல மணிக்கணக்கா நிக்கறதுக்கு இல்லை."

என் கேள்வி எல்லாவற்றையும் கேட்டேன். உள்ளே ஆண்கள் இருப்பார்களா என்பதையும் கேட்டேன். இன்றைக்கும் ரத்தம் போகிறதே என்றேன். கொஞ்சமாகத்தானே போகிறது, பரவாயில்லை என்றார். சுவரில் கடிகாரம் இருந்தது. மொத்தமாக எட்டு நிமிஷம். ஒரு வாரமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எட்டு நிமிஷத்தில் இறங்கிப் போயிற்று. எட்டு நிமிஷம் செலவழிக்க யோசித்துக்கொண்டு ஒரு மனுஷியின் உறுப்பையே எடுக்கப் பார்த்தார்களே என்று நினைக்கும்போது இறங்கிய இடத்தில் மறுபடி ஆத்திரம் ஏறி உட்கார்ந்தது. டெஸ்ட் மட்டும் செய்யுங்கள் என்றேன். புதுக் காகிதம் எழுதிவந்தார்கள். ஒவ்வொரு வரியாக வாசித்தேன். நர்ஸ் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். நிற்கட்டும் என்று வாசித்தேன்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன். லேசாக அடிவயிறு வலித்தது, அவ்வளவுதான். ரிசல்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகலாம் என்றார்கள். கல்யாணம் முந்திக்கொண்டது. பெருந்துறை மண்டபத்தில் தம்பி பக்கத்தில் இருந்து சீர் செய்தேன். அம்மா காதோரம் குனிந்து, "கண்ணு, இன்னிக்கு எப்படி இருக்குது?" என்றாள். "நல்லாருக்கறம்மா" என்றேன். அன்றைக்கு எனக்கு என்ன நாள் என்பதை அவளிடமும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதமாட்டேன். மணவறையில் சிரித்துக்கொண்டு நின்றேன். மனசுக்குள் ரிசல்ட், ரிசல்ட் என்று அடித்துக்கொண்டிருந்தது.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் பள்ளிக்குப் போனேன். கடைசிப் பீரியட் முடிந்து வந்து பார்த்தால் அம்மாவிடமிருந்து நாலு மிஸ்டு கால். பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"கண்ணு, ஒன்னுமில்லையாமா! நோய் நொடி எதுவும் இல்லையாமா. மத்தியானமே மாப்பிள்ளை சொன்னாரு. நான் கோயிலுக்குக்கூடப் போயிட்டு வந்துட்டேன்."

மத்தியானமே. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் நம்பருக்குப் போன் வந்திருக்கிறது. அவர் அம்மாவுக்குச் சொன்னார், தம்பிக்குச் சொன்னார், தறிக்குடோனில் பிட்டருக்கும் சொல்லியிருந்தார். எனக்குச் சாயங்காலம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாராம். வகுப்பு நேரத்தில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று. சந்தோஷச் செய்திதான். நான் காலி வகுப்பில் டெஸ்க்கில் தலை வைத்து அழுதேன். பிழைத்ததற்குப் பாதி அழுகை. உச்சிப் பொழுதிலிருந்து சாயங்காலம் வரை ஊரே தெரிந்துகொண்டு நிம்மதியாக இருக்க, நான் மட்டும் பயத்தோடு பாடம் நடத்தினேனே, அதற்கு மீதி.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரிப்போர்ட்டை என் கையில் வாங்கி, உட்கார்ந்து வாசித்தேன். பிறகு முன்னால் கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம், "என்ற ஃபைல்ல போன் நம்பர் மாத்தோணும் கண்ணு. இனி எதுன்னாலும் எனக்குக் கூப்பிடுங்க" என்றேன்.

அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். "சார் நம்பர் இருக்குதுங்களே மேடம்."

"தெரியும். அதை எடுத்துட்டு என்றதைப் போடு."

அவள் தயங்கினாள். என் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா மேடம்?"

"சாருக்குக் கர்ப்பப்பை இருக்குதா கண்ணு?"

வரிசையில் நின்ற ஆம்பளைகள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கீபோர்டை முன்னால் இழுத்து, "நம்பர் சொல்லுங்க மேடம்" என்றாள்.